இளையாளின் முறையீடு

  இராமநாதபுரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இந்த அறக்கட்டளைப் பொழிவுக்கு, இடைக்காலக் கிறித்தவ அறவியலில் மணமும் மணவிலக்கும் என்று தலைப்பு எழுதி அனுப்பினேன். சீமை வரலாறு பேசக் கூப்பிட்டால் இவர் ரோமாபுரிக்குக் கிளம்புகிறாரே என்று அமைப்பாளர்கள் நினைத்திருப்பார்கள். ரோமாபுரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் புறப்படும் இடம் திருவாடானை வட்டத்து ஓரியூர்.

1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன்கிழமை. அன்று ஓரியூரில் தலை வெட்டுண்ட போர்த்துக்கீசியத் துறவி ஜான் தெ பிரிட்டோவை நாம் அருளானந்தர் என்கிறோம். 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். தந்தை பிரேசிலில் ரியோ தெ ஜனைரோவின் ஆளுநராக இருந்தவர். மகன் அரண்மனைச் சிறுவனாக வளர்ந்து, 1662இல் இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் கோவாவில் கரையிறங்கி, மதுரை மிஷனில் பண்டாரசாமி கோலத்தில் ஊர் ஊராக நடந்தார். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓரியூர்ச் செம்மண்ணைச் சாதி மதம் பாராமல் மக்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அவர் சாவுக்கு உடனடிக் காரணம் என்ன என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அதைச் சொல்லும்போது நாம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிறுவல்லியில் வாழ்ந்த தடியத்தேவர் மறவர் அரசகுடியைச் சேர்ந்தவர். சேதுபதி பட்டத்துக்கு உரிமை பேசக்கூடிய நிலையில் இருந்தவர். நோய்ப்பட்டுக் கிடந்தார், உபதேசியார் வந்து ஜெபித்தபின் குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தேவர் ஒப்புக்கொண்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையாள், அன்று மறவர் சீமையை ஆண்ட இரகுநாத கிழவன் சேதுபதிக்கு மருமகள் முறை. அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிபட்டார். இடையில் இரண்டே நாள்.

இந்த வேகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே சேதுபதியின் ஆட்சியில் 1686இலும் அருளானந்தர் பிடிபட்டிருக்கிறார். மங்கலத்தில் வைத்து அவரையும் உடனிருந்தவர்களையும் சித்திரவதை செய்தார்கள். பிறகு இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தபோது, அவர் பேச்சைக் கேட்ட சேதுபதி, இனி என் சீமையில் போதிக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார். ஏழு ஆண்டு கழித்துப் போதனை மாறவில்லை, போதித்தவரும் மாறவில்லை. தடையை மீறித் திரும்பி வந்தார் என்ற குற்றம் உண்டுதான். ஆனாலும் 1691 முதல் அவர் இந்தச் சீமையில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். 1693 ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தது இளையாளின் முறையீடு ஒன்றுதான்.

இங்கே அரசியலைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரில் என்னை விடமாட்டீர்கள். மறவர் சீமையில் பெரிய குடும்பங்களுக்குள் பெண் கொடுப்பது வெறும் குடும்பக் காரியம் அன்று. கிளை பார்த்து, முறை பார்த்து ஒரு பெண்ணைக் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானதாகப் பொருள். பட்டத்துக்குப் போட்டியாகக்கூடிய ஒருவருக்குச் சேதுபதி வீட்டுப் பெண் மனைவியாக இருந்ததை அந்தக் கண்ணோடு பாருங்கள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது ஒப்பந்தத்தைக் கிழித்து முகத்தில் எறிவது. அதே வேளையில் தடியத்தேவரோடு சேர்ந்து ஏறத்தாழ இருநூறு பேர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். ஒரு போட்டிக்காரர், புதிய மார்க்கம், புதிய கூட்டம், கிழிந்த ஒப்பந்தம். எந்த அரசனும் தூங்கியிருக்கமாட்டான். ஆகவே சேதுபதியின் கோபம் புரிகிறது. அருளானந்தரின் உறுதியும் புரிகிறது. இந்த இரண்டையும் விளக்கப் புத்தகங்கள் நிறைய உண்டு. நான் கேட்க வந்தது மூன்றாவது ஆளைப் பற்றி: சட்டத்தின் கண்ணில் அந்த இளையாள் யார்?

ஊர்க் கண்ணில் அவள் மனைவி. மூத்தாளுக்கு அடுத்த தட்டில் இருந்தாலும் மனைவி. அவளுக்குத் தாலி உண்டு, சீர் உண்டு, மரியாதை உண்டு. நம் வழக்கமும் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிடவில்லை. கிழவன் சேதுபதியே தமக்குப் பின் பவானி சங்கரன் என்ற மகனுக்குப் பட்டம் கட்ட நினைத்தபோது, முறையான மனைவியின் பிள்ளை இல்லை என்று தடை எழுந்து விஜய ரகுநாதர் பட்டத்துக்கு வந்தார். தாரத்துக்கும் அபிமானத்துக்கும் நடுவே ஊர் ஒரு கோடு போட்டிருந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மனைவியர் கூட்டத்தில், இளையாளுக்கு இடம் இருந்தது.

அருளானந்தர் கையில் இருந்த சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே இல்லை. அதனால் அங்கே நடந்தது மணவிலக்கும் இல்லை. இந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று பார்க்கத்தான் ரோமாபுரி.

கிறித்தவத்தின் முதல் ஆயிரம் ஆண்டில் மணவிலக்கு பற்றி ஒரே பேச்சு இருந்ததாக நினைக்க வேண்டாம். கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அதிலேயே பரத்தைமை பற்றி ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அந்த விதிவிலக்கைக் கீழைத் திருச்சபைகள் ஒருவிதமாகவும் மேலைத் திருச்சபை வேறுவிதமாகவும் படித்தன. சுமார் 401ஆம் ஆண்டில் அகுஸ்தீன் மணத்தின் நன்மைகளை மூன்றாக வகுத்தார்: பிள்ளைப்பேறு, பரஸ்பர விசுவாசம், அறுபடாத பிணைப்பு. மேற்கத்திய மரபு முழுக்க இந்த மூன்றின் மேல் எழுந்தது. ஆனால் எழுதியது நடைமுறைக்கு வர அரசர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஓரியூரை நினைத்துக்கொண்டே கேளுங்கள்.

இரண்டாம் லோத்தார் என்று ஓர் அரசன். இன்றைய பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடைப்பட்ட நாடு அவனுடையது. 855இல் தியூத்பெர்காவை மணந்தான். பிள்ளை இல்லை. வால்திராதா என்பவளோடு முன்பே உறவு உண்டு, அவளிடம் ஒரு மகனும் உண்டு. மனைவியைத் தள்ள ஒரு காரணம் வேண்டுமே! அவள் மேல் சொந்த அண்ணன் தம்பி உறவையே வைத்து வாய் கூசும் பழியைச் சுமத்தினான். 858இல் கொதிநீர்ச் சோதனை நடந்தது. அவளுக்குப் பதிலாக ஒருவர் கொதிக்கும் நீரில் கைவிட்டுக் காயமின்றி எடுத்தார். அவள் குற்றமற்றவள் என்று ஆயிற்று. அரசன் விடவில்லை. உள்ளூர் ஆயர்களைக் கூட்டித் தனக்கு வேண்டிய தீர்ப்பை வாங்கினான். தியூத்பெர்கா போப்பாண்டவர் முதலாம் நிக்கோலாசிடம் முறையிட்டாள். 863இல் அவர் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அதற்குத் துணைபோன கொலோன், டிரியர் பேராயர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார்.

அடுத்தது 1193. பிரான்சு அரசன் இரண்டாம் பிலிப்பு, டென்மார்க் இளவரசி இங்கெபோர்காவை மணந்து, மறுநாளே வேண்டாம் என்றான். ஏன் என்று இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். சில மாதத்தில் உறவுமுறைத் தடை என்று சொல்லி ஆயர்கள் மணத்தைக் கலைத்துக் கொடுத்தார்கள். 1196இல் அவன் ஆக்னஸ் என்பவளை மணந்தான். பிரெஞ்சு மொழி தெரியாத அந்த டேனியப் பெண் ரோமாபுரிக்கு முறையிட்டுக்கொண்டே இருந்தாள். போப்பாண்டவர் மூன்றாம் இன்னசன்ட் 1200இல் பிரான்சு முழுவதும் திருவழிபாட்டுத் தடை போட்டார். கோயில் மணி ஓய்ந்தது. அரசன் இறங்கி வந்ததாகக் காட்டினான். உண்மையில் இங்கெபோர்கா அரசியாக மீண்டது 1213இல். இருபது ஆண்டு காத்திருந்திருக்கிறாள்.

தள்ளப்பட்ட பெண்ணுக்காக அரசனையே எதிர்த்து நின்ற சட்டம் இது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அன்றைய ஐரோப்பாவில் ஒரு பெண்ணின் முறையீட்டை எடுத்துக்கொள்ள, அவள் கணவனைவிடப் பெரிய இடம் ஒன்று இருந்தது என்றால் அது இந்த நீதிமன்றம்தான். மணவிலக்கு கூடாது என்ற விதியை இன்று நாம் பெண்களைக் கட்டிப்போட்ட விதியாக மட்டும் பார்க்கிறோம். அரண்மனைகளில் அது பெண்களுக்குக் கேடயமாக இருந்தது.

ஆனால் ஆக்னஸைக் கவனித்தீர்களா? அவள் என்ன தப்பு செய்தாள்? ஆயர்கள் கூடிக் கலைத்த மணத்துக்குப் பின் ஒருவனைக் கைப்பிடித்தாள். முதல் மணம் செல்லும் என்று தீர்ப்பானதும் அவள் ஒன்றுமில்லாதவள் ஆனாள். 1201இல் இறந்துபோனாள். அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளை முறையான பிள்ளைகள் என்று இன்னசன்ட் அதே ஆண்டு அறிவித்தார். பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. தாய்க்கு இல்லை.

அதே 1201ஆம் ஆண்டில்தான் அதே இன்னசன்ட், பாலஸ்தீனத்துத் திபேரியா ஆயர் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதினார். நம் ஓரியூர் வழக்கின் வித்து அந்தக் கடிதத்தில் இருக்கிறது. கேள்வி இது: பல மனைவியரை உடைய ஒருவன் கிறித்தவனாக வந்தால் யாரை வைத்துக்கொள்வது? விடை: முதலில் மணந்தவளே மனைவி. ஆபிரகாம், யாக்கோபு போன்ற முற்பிதாக்களுக்குப் பல மனைவியர் இருந்தது கடவுளின் தனி அனுமதி; அது மற்றவர்களுக்குப் பொருந்தாது. முதல் மனைவியை எப்போதோ தள்ளிவிட்டு வேறொருத்தியோடு இருப்பவனும், ஞானஸ்நானம் பெற்றால் முதல்வளையே திரும்ப ஏற்க வேண்டும்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பகுதி நம்மவர்களுக்குச் சுவையானது. உறவுக்குள் மணந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றால் பிரிய வேண்டுமா என்றும் ஆயர் கேட்டிருந்தார். வேண்டாம் என்றார் இன்னசன்ட்; ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவுகிறது, மணத்தைக் கலைப்பதில்லை என்பது அவர் நியாயம். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் உறவுமுறைத் தடையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. நான்கு என்றாலும் மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் எல்லாம் அதற்குள் அடிபட்டுப் போவார்கள். முறைப்பெண் உரிமையையே குடும்ப இலக்கணமாக வைத்திருக்கும் நாட்டில் இது எத்தனை சிக்கல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பங்குச் சாமியிடம் விதிவிலக்கு எழுதி வாங்கி அத்தை மகளைக் கட்டிய குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அங்கே சட்டம் வளைந்து கொடுத்தது. இளையாள் விஷயத்தில் வளையவில்லை.

ஏன் வளையவில்லை என்பதற்கு நியாயம் சொன்னவர் தாமஸ் அக்வினாஸ். 1274இல் இறந்தவர். பலதார மணம் இயற்கைச் சட்டத்துக்கு முரணா என்று கேட்டுக்கொண்டு, ஒரே வார்த்தையில் ஆம் என்று சொல்லாமல் பிரித்துப் பார்க்கிறார். பிள்ளைப்பேறு என்ற முதல் நோக்கத்தை அது கெடுப்பதில்லை; ஒருவனால் பல மனைவியரிடம் பிள்ளை பெற முடியும். வீட்டு அமைதி என்ற இரண்டாம் நோக்கத்துக்கு அது இடைஞ்சல். ஒருவனுக்குப் பல மனைவியர் இருந்தால் சண்டை ஓயாது. கிறிஸ்துவும் திருச்சபையும் ஒன்றிணைந்ததற்கு மணம் ஓர் அடையாளம் என்ற மூன்றாம் நோக்கத்தையோ அது முழுக்க அழித்துவிடுகிறது. அக்வினாஸின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எதிராளியின் வழக்கத்தை மிருகத்தனம் என்று தள்ளாமல், அதில் எது நிற்கும், எது நிற்காது என்று எடைபோடுகிறார். அவருடைய தராசில் கடைசிவரை ஏறாதது ஒன்று உண்டு: விலக்கப்பட்டவள் மறுநாள் எங்கே போய்ச் சோறு தின்பாள்.

மணத்தை உண்டாக்குவது எது என்ற கேள்வியிலும் இடைக்காலம் பெரும்பாடு பட்டது. சுமார் 1140இல் திருச்சபைச் சட்ட அறிஞர் கிராத்தியன், சம்மதமும் உடலுறவும் சேர்ந்தால்தான் மணம் முழுமை என்றார். பாரிசில் பீட்டர் லொம்பார்டு, இப்போதே உன்னை ஏற்கிறேன் என்று இருவர் சொல்லும் சொல் போதும் என்றார். போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாண்டர் இரண்டையும் பொருத்தினார்: சம்மதம் மணத்தை உண்டாக்கும், உடலுறவு அதை அறுக்க முடியாததாக்கும். பெற்றோரும் பிரபுவும் வேண்டாம் என்றாலும் இருவர் சம்மதித்தால் மணம் செல்லும் என்று இதற்குப் பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது துணிச்சலான பேச்சு. இன்றைக்கும் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் துணிச்சலான பேச்சுதான். விலக்கும் இரண்டு விதமாகவே இருக்க முடிந்தது. படுக்கையும் பந்தியும் பிரிந்து வாழலாம், பிணைப்பு அப்படியே இருக்கும், மறுமணம் இல்லை. அல்லது அது தொடக்கத்திலிருந்தே மணம் இல்லை என்று அறிவிக்கலாம். இதற்கு விதிவிலக்காக, செல்லுபடியான மணத்தை அறுக்க ஒரு வாசலைத் திருத்தூதர் பவுல் திறந்துவைத்திருந்தார்: ஞானஸ்நானம் பெறாத துணை, பெற்றவரோடு வாழ மறுத்துப் போனால், பெற்றவர் விடுபடலாம். அதற்கும் முதலில் அந்தத் துணையிடம் கேட்க வேண்டும்: நீயும் வருகிறாயா, இல்லை அமைதியாகச் சேர்ந்து வாழ்கிறாயா?

இந்தக் கேள்வி மனைவியிடம் கேட்கப்படுவது. மனைவியாகக் கணக்கில் வராதவளிடம் கேட்க ஒன்றுமில்லை.

இன்னசன்டின் கடிதம் 1234இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரியின் சட்டத் தொகுப்பில் சேர்ந்து உலகத் திருச்சபைக்கெல்லாம் சட்டமாயிற்று. அதைத் தொகுத்த பெனியபோர்த்து ரெய்மண்டு, ஒப்புரவு கேட்கும் குருக்களுக்கும் கையேடு எழுதியவர். அந்தக் கையேட்டு மரபு கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1549இல் இங்கே பக்கத்து வேதாளையில் இயேசு சபைக் குரு அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற அண்டிரீக் அடிகளார் 1580இல் கொச்சியில் கொம்பெசியொனாயரு என்ற ஒப்புரவுக் கையேட்டைத் தமிழில் அச்சிட்டார். தமிழ் அச்சின் தொடக்க காலத்து நூல்களில் ஒன்று, இடைக்கால அறவியலின் கிளைநூல் என்பதை நம் அச்சு வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

கப்பலேறிய சட்டம் புது நாடுகளில் திணறியது. முதல் மனைவி யார் என்று கேட்டால் விடை தெரியாத இடங்கள் இருந்தன. 1537இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல், முதல்வள் யார் என்று நினைவில்லாதவன் விரும்பிய ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார். 1571இல் ஐந்தாம் பயஸ் இன்னும் ஒரு படி போய், தன்னோடு ஞானஸ்நானம் பெறுபவளையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் முதல்வளாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1585இல் பதின்மூன்றாம் கிரகோரி, போரில் சிறைபிடிக்கப்பட்டு அங்கோலாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் துணையைப் பிரிந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகளுக்கு மறுமணத்துக்கு வழி செய்தார். அடிமையாக்கியவனைத் தடுக்காமல் அடிமையின் மணத்தை மட்டும் சரிசெய்த கருணை அது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

இன்னசன்ட், மூன்றாம் பவுல், பயஸ் மூவரின் ஆணைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல்வள், பிறகு விரும்பியவள், பிறகு கூட வருபவள் என்று சட்டம் மாறி மாறி இறங்கி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இறங்கி வந்தது ஆணின் சங்கடத்தைத் தீர்க்க. இந்த நெகிழ்ச்சியால் முதல் மனைவிக்கே ஆபத்து வந்தது: இன்னசன்ட் காத்த மூத்தாளை, பயஸின் ஆணைப்படி வெளியே அனுப்பலாம். வெளியே அனுப்பப்படுபவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று அந்த ஆணைகளில் ஒரு வரியும் இல்லை. தடியத்தேவர் தாம் விலக்கியவர்களுக்குத் தம் பெருந்தன்மையால் என்ன செய்திருந்தாலும் அது அவர் பெருந்தன்மை. செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. செய்யாமல் விட்டால் விலக்கப்பட்டவள் போய்க் கேட்க ரோமாபுரியில் ஒரு கதவு கிடையாது. தியூத்பெர்காவும் இங்கெபோர்காவும் மனைவியர் என்பதால் கதவு திறந்தது. இளையாளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு மாமன் வீட்டுக் கதவு. அங்கேதான் போனாள்.

ஓரியூர்க் கதையைச் சொல்பவர்கள் அவளைப் பொறாமைக்காரி என்கிறார்கள். மேடையில் ஏறினால், திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்க வைத்த ஏரோதியாளுக்குத் தங்கையாகிவிடுகிறாள். அருளானந்தர் யோவானாகிவிடுகிறார். ஒப்புமை கைக்கு எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் பொருந்தாது. ஏரோதியாள் அண்ணனை விட்டுத் தம்பியிடம் போனவள். இவள் முறைப்படி கட்டிக் கொடுக்கப்பட்ட இடத்திலிருந்து, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நீ மனைவியே இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவள். ஒரு துறவியின் தலையை அவள் கேட்டாள் என்பதற்கும் தன் நியாயத்தைக் கேட்டாள் என்பதற்கும் இடையே நிறைய தூரம் உண்டு. தலையை எடுத்தது அரசியல்.

சேதுபதி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மருமகளுக்காக வெகுண்ட கிழவன் சேதுபதி 1710இல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக இயேசு சபைக் கடிதங்கள் பதிவுசெய்திருக்கின்றன. மனைவி என்ற இடத்தை ஊர் வழக்கம் கொடுத்தது; அந்த இடத்துக்கு அது கேட்ட விலையும் அப்படி இருந்தது. ஒருபக்கம் இடமே இல்லை என்ற சட்டம், மறுபக்கம் இடத்தோடு சிதையும் சேர்த்துக் கொடுத்த வழக்கம். இந்த இரண்டில் ஒன்றுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசு 1866இல் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் கொண்டுவந்தது. கிறித்தவராக மாறியதற்காகத் துணை ஆறு மாதம் கைவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற அந்தச் சட்டம், பவுல் திறந்த வாசலுக்கு அரசு முத்திரை குத்தியதுதான். 1869இல் இந்திய மணமுறிவுச் சட்டம் வந்தது. கணவனுக்கு மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே போதும். மனைவி அதோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 திருத்தம் வரை நீடித்தது. நூற்று முப்பத்திரண்டு ஆண்டு! திருச்சபைத் தீர்ப்பாயம் மணம் செல்லாது என்று அறிவித்தாலும் நாட்டுச் சட்டத்தில் அது மணத்தைக் கலைக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் சொல்லிவிட்டது.

திருச்சபைச் சட்டத்திலும் நகர்வு இருந்தது. 1537, 1571, 1585ஆம் ஆண்டு ஆணைகள் மூன்றும் 1917 சட்டத் தொகுப்பின் வழியாக உலகம் முழுவதற்கும் விரிந்தன. பிறகு 1983 தொகுப்பின் 1148ஆம் சட்டம். பல மனைவியருள்ள ஒருவன் ஞானஸ்நானம் பெற்றால், முதல்வளோடு இருப்பது கடினமானால், அவர்களில் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்று பழைய பாடத்தையே அது சொல்கிறது. பல கணவரை உடைய பெண்ணுக்கும் இதே விதி என்று சேர்க்கிறது. மூன்றாம் பிரிவுதான் புதியது. முதல் மனைவிக்கும் விலக்கப்பட்ட மற்றவர்களுக்கும் வாழ்க்கைத் தேவைகள் போதிய அளவு கிடைக்கின்றனவா என்று, நீதியையும் அன்பையும் இயல்பான நியாயத்தையும் கருதி, ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இன்னசன்ட் எழுதி 782 ஆண்டு, ஓரியூர் நடந்து 290 ஆண்டு ஆனபின் எழுதப்பட்ட விதி. நான் படித்த அளவில், இளையாளைச் சட்டம் ஓர் ஆளாகக் கண்ணெடுத்துப் பார்த்தது அப்போதுதான்.

பல மனைவியரோடு ஞானஸ்நானத்துக்கு வருபவர் இன்று இந்தச் சீமையில் யார் இருக்கிறார்கள், இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். 1148 இங்கே அநேகமாக ஏட்டுச் சட்டம்தான். ஆனால் மணம் செல்லாது என்று தீர்ப்பாயத்துக்கு எழுதிப் போடுபவர்கள் உண்டு. 2015இல் போப் பிரான்சிஸ் அந்த நடைமுறையை எளிதாக்கினார். இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்துச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதி போயிற்று. நல்ல காரியம். ஆனால் கோயிலில் மூன்று முறை மண ஓலை வாசித்து, ஊரைக் கூட்டி, மெய்விவாகம் என்று எழுதிவைத்த மணம், தொடக்கத்திலிருந்தே இல்லை என்று ஆகிறபோது, அந்தப் பெண் மறுபடியும் ஆக்னஸின் இடத்தில், இளையாளின் இடத்தில் வந்து நிற்கிறாள். தீர்ப்பு எழுதும்போது, ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டிய கடமைகளை இருவருக்கும் நினைவூட்ட வேண்டும் என்றும் அதே சட்டத் தொகுப்பு சொல்கிறது. நடைமுறையில் அது தீர்ப்பின் அடியில் ஒரு வரியாக நின்றுவிடக் கூடாது.

ஆகவே இங்கு வந்திருக்கும் குருக்களிடமும் வழக்கறிஞர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. மணம் செல்லாது என்று ஓர் ஆணை உங்கள் கையால் போகுமானால், அதே நாளில் அந்தப் பெண்ணின் நகையும் சீரும் அவள் கைக்கு வந்துவிட்டனவா, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு யார் பொறுப்பு, குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சத்துக்கு மனுப்போட அவளுக்கு யார் துணை என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஓரியூர் நாடகத்தை எழுதுகிற, நடிக்கிற இளைஞர்களிடம் இன்னொன்று. அடுத்த முறை இளையாள் மேடைக்கு வரும்போது அவளைக் கையைப் பிசைந்துகொண்டு சிரிக்க வைக்காதீர்கள். அரண்மனையில் அவள் என்ன சொல்லி முறையிட்டாள் என்று ஒரு காட்சி எழுதுங்கள். அவள் தரப்பைப் பேசவிடுங்கள். அருளானந்தரின் பெருமை அதனால் குறையாது.